கடைசி வரிசை

சின்னாளப்பட்டி
4.8.2025

வினிதா அப்பாவுக்கு,

நலம். வினிதாவும் கோவையில் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறாள். எழுத வந்த விஷயத்தைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் ஓசூருக்குப் போன இந்த மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், ‘சாப்பிட்டாயா’வுக்கு அடுத்த வார்த்தையிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கார் வாங்கப் போகிறேன். சுங்குடிச் சேலை வியாபாரம் கொச்சி வரை போய்விட்டது. பஸ்ஸிலும் வாடகைக் காரிலும் அலைந்து இடுப்பு விட்டுப்போயிற்று. உயரமான, சொகுசான பெரிய வண்டியாக வேண்டும். புதிது வாங்க மனம் வரவில்லை, பழையதில் நல்லதாகப் பார்க்கிறேன். திண்டுக்கல்லில் கார் கன்சல்டிங் வைத்திருக்கும் நாசர் தம்பி இரண்டு காட்டினார். ஒன்று வெள்ளை, ஜப்பான் வண்டி. இன்னொன்று கறுப்பு, ஜெர்மன் வண்டி, கண்ணைப் பறிக்கிறது. இரண்டிலும் ஏழு பேர் உட்காரலாம். எது நடுவழியில் நிற்காது? உங்களை விட்டால் வண்டி பற்றிக் கேட்க எனக்கு ஆள் இல்லை. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தமிழ்மதி

*

ஓசூர்
9.8.2025

அன்புள்ள தமிழுக்கு,

கடிதம் கண்டேன். கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். கார் என்றதும்தான் உயிர் வந்தது.

கறுப்பு வண்டியை மறந்துவிடு. அழகுதான், ஆனால் ஒரு சென்சார் போனாலும் அதற்குத் திண்டுக்கல்லில் ஆள் கிடைப்பது கஷ்டம், லாரியில் ஏற்றிக் கோவைக்கு அனுப்ப வேண்டிவரும். வெள்ளையே சரி. காலையில் எஞ்சின் சூடாகும் முன் போய் ஸ்டார்ட் பண்ணச் சொல். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. மீட்டரை நம்பாதே, சர்வீஸ் பில்லைக் கேள். ஸ்டியரிங், பிரேக், கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும். நாசர் பேச்சில் மயங்கிவிடாதே, அவன் துருப்பிடித்த சைக்கிளையே விமானம் என்று விற்பான்.

இன்னொன்று. கம்பெனியில் மதுரைக் கிளைக்கு மாற்றல் தருகிறார்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வரட்டுமா? மதுரைக்கு இல்லை, நம் வீட்டுக்கு.

இளஞ்செழியன்

*

சின்னாளப்பட்டி
14.8.2025

வினிதா அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எல்லாம் பார்த்தேன். பெல்ட்டில் கறை இல்லை, பில்லும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியது முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவன் பார்வை. நான் சொகுசு கேட்டேன். பின்னால் உட்காருகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வரி இல்லை.

உங்கள் வீட்டுப் பழைய வண்டி நினைவிருக்கிறதா? நீங்கள் ஓட்டுவீர்கள். முன் சீட்டு மாமாவுக்கு, நடு வரிசை அத்தைக்கும் உங்கள் அக்காவுக்கும். கடைசியில் குறுக்கே போட்ட பெஞ்சில் சோற்றுத் தூக்குகளோடு மருமகள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நான் வாந்தி எடுக்கப் பிளாஸ்டிக் பையை விரித்துக்கொள்வேன். நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். இடம் மாற்றிக் கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, “இதெல்லாம் ஒரு விசயமா தமிழு” என்றீர்கள். அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அதே பதில்தான். நம் சண்டை எல்லாம் அந்த ஒரு வரியில்தான் தொடங்கியது. ஓசூர் வேலையெல்லாம் ஊருக்குச் சொன்ன சாக்கு.

வீட்டுக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது அப்புறம். முதலில் வண்டிக்குப் பதில் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நாசர் ஓட்டட்டும், நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொடைக்கானல் வரை போய்விட்டு வாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.

தமிழ்மதி

*

ஓசூர்
25.8.2025

அன்புள்ள தமிழுக்கு,

நேற்று வெள்ளை வண்டியில் போய் வந்தேன். நீ சொன்ன இடத்தில்தான் உட்கார்ந்தேன். வாங்காதே. எஞ்சினில் குறை இல்லை. கடைசி வரிசையில் முழங்கால் தாடையில் இடிக்கிறது, ஜன்னல் திறக்காது, ஏசிக் காற்று வருவதற்குள் வெந்துபோகிறோம். கறுப்பில் ஏறி மட்டும் பார்த்தேன், அது இன்னும் மோசம்.

ஐந்து பேர் உட்காரும் வண்டியாக வாங்கு. கடைசி வரிசையே இல்லாத வண்டி. ஒட்டன்சத்திரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருப்பதாக நாசர் சொல்கிறான், இதுவரை ஒரே ஆள் கையில் இருந்த வண்டி. பின் சீட்டு சாய்கிறது, இடுப்புக்கு நல்லது.

வீட்டுப் பக்கம் வரவில்லை. நீ கூப்பிடவில்லை.

இளஞ்செழியன்

*

சின்னாளப்பட்டி
1.9.2025

என்னங்க,

சாம்பல் வண்டியை வாங்கிவிட்டேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து நானே ஓட்டி வந்தேன். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது, உங்களிடம் சொல்லவில்லை. ரெட்டியார்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தக்காளி லாரிக்காரர் என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிக்கொண்டார். மற்றபடி குறை இல்லை.

சாவியைக் கொடுக்கும்போது, நீங்கள் எழுதாமல் விட்டதை நாசர் சொன்னார். மலைப்பாதையில் டம்டம் பாறையைத் தாண்டியதும் நீங்கள் வாந்தி எடுத்தீர்களாம். “அண்ணே, முன்னாடி வந்துருங்க, செத்த காத்து வாங்கிட்டுப் போவோம்” என்று அவர் கூப்பிட்டதற்கு, “வேணாம் நாசரு. அவ இம்புட்டு தூரமும் இங்கனதான உக்காந்து வந்தா, நீ எடு” என்றீர்களாம். மலை இறங்கும்போதும் அங்கேயேதான் இருந்தீர்களாம். “அண்ணன் அழுதாருக்கா, கண்ணாடில பாத்தேன்” என்றார்.

நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பாவம், வண்டியில் ஏதோ குறை என்று நினைத்து அவர் பயந்துபோனார். நான் மலை ஏறி வாந்தி எடுத்ததெல்லாம் பெரிய கஷ்டமில்லை. அது கஷ்டம்தான் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொல்லவில்லையே, அதுதான் கஷ்டம்.

உங்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி உங்கள் அக்கா சொன்னார், என் அண்ணன் சொன்னார், வினிதாகூடச் சொன்னாள். யார் சொல்லியும் நான் கூப்பிடவில்லை. இன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நானே கேட்கிறேன். மாற்றலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க.

தமிழு