நேசையனின் வலது கை

1954 ஆகஸ்டு 20

மரச்சீனிக் கிழங்கு அவித்தேன். நேசையன் தொடவில்லை. தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போன தமிழ் ஊர்வலத்தைச் சந்தை முக்கில் போலீஸ் அடித்துக் கலைத்தபோது அவன் வலது தோளில் லத்தி விழுந்தது. எலும்பு புடைத்து நிற்கிறது. தாயும் தகப்பனும் இல்லாத என் பேரன். கொடியைக் கையில் கொடுத்து அனுப்பினவள் நான்தான். இன்னொரு தடவையும் அனுப்புவேன்.

அடிபட்டு வருகிறவன் பேரை ஆஸ்பத்திரியில் எழுதிப் போலீசுக்குக் கொடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. அடுத்த வீட்டு அம்மிணி வேலியோரம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எனக்க மோன் பேரைச் சொல்லிச் சேப்போம். கிருஷ்ணன்குட்டின்னு எழுதினா ஒருத்தனும் தேடி வரமாட்டான்."

தமிழுக்கு அடி வாங்கின பிள்ளை மலையாளப் பேரில் போய்ப் படுப்பதா? இவள் தம்பி வேலியை என் மண்ணுக்குள் தள்ளிப் போட்டதையும் நான் மறக்கவில்லை.

"அவனுக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு உண்டு, அம்மிணி" என்றேன். போய்விட்டாள்.

ஆகஸ்டு 22

வேதமணி வைத்தியர் எலும்பை இழுத்து வைத்து, முட்டையும் உளுந்தும் பூசிக் கட்டினார். பிள்ளை துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

அக்டோபர் 3

கட்டு அவிழ்த்தாயிற்று. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. எண்ணெய் போடப் போட வந்துவிடும் என்கிறார் வைத்தியர். வருமா?

1955 மார்ச் 9

பூவாரில் ஆட்களை அக்கரை கடத்தும் சர்க்கார் வள்ளத்துக்கு ஒரு ஆள் எடுக்கிறார்கள். மூட்டை ஏற்றின வள்ளத்தைக் கழை ஊன்றித் தள்ளிக் காட்ட வேண்டும். பிறகு டாக்டர் உடம்பைப் பார்ப்பாராம். நேசையன் தினமும் போய்ப் பழகுகிறான். இழுப்பில்லாத தண்ணீரில் இடது கையை வைத்தே சமாளிக்கிறான். இன்று வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான்.

"பாட்டி, உங்களுக்கு மட்டும் கடத்துக்கூலி வேண்டாம். வள்ளத்துல யாருக்கும் சாபம் போடாம இருந்தா போரும்."

மார்ச் 21

இன்று ஆள் எடுப்பு. நானும் போனேன். முதலில் நன்றாகத்தான் போனான். நடு ஆற்றில் கடலைப் பார்த்து நீர் இழுத்தது. வள்ளத்தைத் திருப்பக் கழையைத் தலைக்கு மேலே தூக்கி ஊன்ற வேண்டும். கை எழும்பவில்லை — தூக்குகிறான், தூக்குகிறான், எழும்பவில்லை. வள்ளம் குறுக்கே திரும்பி மணல்திட்டில் முட்டி நின்றது. கரையில் சிரித்தார்கள். சிரித்த ஒவ்வொருவன் முகமும் எனக்கு நினைவிருக்கும்.

டாக்டர் தோளை அழுத்திப் பார்த்தார். அடிபட்ட உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் கை முழுதாய் வந்திருக்கும், இனி வராது என்றார். ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார்.

நேசையன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"வேற பேருல படுக்க வேண்டாம்னு பாட்டி சொல்லிட்டாவ, சாறே."

மார்ச் 22

யாரைத் திட்ட? லத்திக்காரனையா, வைத்தியரையா? அம்மிணி கஞ்சி கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு சொல்லியிருப்பேன்.

ஜூன் 2

சோறு வைத்தால் தின்கிறான். என்னோடு பேசுவதில்லை.

1956 நவம்பர் 1

விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. களியக்காவிளைப் பக்கம் கொண்டாடி வெடி போடுகிற சத்தம். நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்திலேயே கிடக்கிறோம். என் பிள்ளை தோளைக் கொடுத்தது எதற்கு?

நவம்பர் 18

மார்த்தாண்டத்தில் ஒரு சாயக்கடையில் டீ கிளாஸ் கழுவ ஆள் கேட்டார்களாம். நேசையன் போய்விட்டான்.

சட்டைக்குள் வலது கையை நுழைக்க அவனுக்குக் கஷ்டம். பிடித்துவிடப் போனேன். விலகிக்கொண்டான். அம்மிணி வந்து மாட்டிவிட்டாள். "வாறேன் மாமி" என்று அவளிடம் சொன்னான்.

ரோடு வரைக்கும் பின்னாலேயே போனேன். "மக்கா, கிறிஸ்துமசுக்கு வருவியா?" பஸ்ஸில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு ஒருத்தர் செய்த கெடுதலை நான் மறந்ததே இல்லை. அவனை வளர்த்தவள் நான்.