வெண்கழி நகரில் நீர்வளி திறவாமை குறித்து

திருவளர்க. ஏழு துறைக்கும் காவலர், மாமன்னர் நெடுமுடி அலைவென்றார் திருவடிகளுக்கு, வெண்கழி நகரின் எரிகாவல் நாயகம் நன்னாகன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விடுக்கும் ஓலை. தலைநகரில் மழை தவறாது பொழிக; அரண்மனை உலை ஒருநாளும் ஆறாதிருக்க. விழுந்தவன் எழுவதற்கும் மன்னர் கருணையே வேண்டும். அவன் வயிறு அத்தகையது.

சதுப்பு வற்றி, நகர அடுப்புகளை எரித்துவந்த சேற்றுவளி குறைந்தமையால், அருவிக்கரையில் நீரைப் பிளந்தெடுக்கும் நீர்வளியை, இளவரசர் பெயர்சூட்டு நாளன்று, நாலாயிரம் அடுப்புக்கும் பழைய குழாய் வழியே திறந்துவிடுக என்ற ஆணை வந்தது. நன்னாகன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகுதான் படித்தான்.

முதலில் மருத்துவச்சாலைத் தெருவில் மட்டும் வெள்ளோட்டம் விட்டான். இந்நகரில் குழாய்க் கசிவைக் காண்போர் மூக்கர் எனப்படுவர். விடியலில் தெருவெல்லாம் மோந்து நடந்து, நாற்றமில்லையேல் நலம் என்று ஒப்பமிடுவர். அவர்கள் நலம் என்றனர். நாயகமும் தன் பெருமூக்கை இணைப்புதோறும் வைத்து, என்ன தூய்மை என்று வியந்து முத்திரை குத்தினான். நீர்வளிக்கு நாற்றமே கிடையாது என்பது அந்த மூக்குக்கு எட்டவில்லை.

அன்று நண்பகலில் கசிந்த வளியில் தீப்பற்றி மருத்துவச்சாலை விறகறையின் கூரை பறந்தது. உள்ளே ஆளில்லாதது நாயகத்தின் திறமையன்று. அதே வேளையில், நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சும் குமுதை, அடுப்பு அணைந்ததென்று எண்ணிக் கையை நீட்டினாள். பகலொளியில் அத்தீக்கு நிறமில்லை. வலக்கை முழங்கைவரை வெந்தது.

பார்க்கச் சென்ற நாயகம் அழுதுவிட, கட்டுப்போட்ட கையோடு அவளே தேற்றும்படி ஆயிற்று. அரசாணை மாதிரியே உங்கள் நெருப்பும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சுடுகிறதய்யா என்று அவள் உரைத்ததை மன்னர் பொறுத்தருள்க. கை பதறிக் கவிழ்த்த உப்புக்கஞ்சி பட்ட இடத்தில் தீ மஞ்சளாய்த் தெரிந்ததென்றும், அடுப்புக்கு அடுப்பு உப்புக்கல் வையுங்கள் என்றும் சொன்னவளும் அவளே. முப்பதாண்டுப் பணியில் நாயகத்துக்குத் தோன்றாத யோசனை.

வேண்டுவது நூறு நாள். சணலும் மெழுகும் வைத்த இணைப்பெல்லாம் கழற்றி ஈயம் காய்ச்சி ஊற்றவேண்டும். வளியில் பெருங்காய நாற்றம் கலக்கவேண்டும். காணாத தீயை வீடுவீடாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். அதுவரை சேற்றுவளி காலையில் மட்டும் விடப்படும். மக்கள் நாயகத்தைத் திட்டியபடியே உண்பர், அது வழக்கம்தான். பெயர்சூட்டு நாளுக்கு இருப்பதோ நான்கே நாள். முன்பு விடுத்த இரண்டு ஓலைகளுக்கும், நாள் மாறாது என்றே மறுமொழி வந்தது.

ஆணை மீறினால் தலை போகும் என்பதை நன்னாகன் அறிவான். பெரிதாய்ப் பயன்பட்ட தலையன்று, எனினும் பழகிவிட்டது. ஆனால் நாலாயிரம் அடுப்பின் முன்னும் ஒரு கை நீளுமே என்று எண்ணி, நீர்வளி வரும் பெருங்குழாயின் தாய்க்கதவை இன்று பூட்டிவிட்டான். தலை வேண்டின் ஆள் வருக. கதவு திறக்கத் தெரிந்தவர் மட்டும் வரவேண்டா.

ஆடித் திங்கள் பதினேழாம் நாள், எரிகாவல் முத்திரையிட்டு, இவ்வோலையின் படியொன்று தாய்க்கதவுக் காவலர்க்கும் ஆணையாக விடுக்கப்பட்டது: நூறு நாள் தந்து மன்னர் திருமுக ஓலை வரும்வரை எவர் கேட்பினும் திறவற்க. வாளைக் கண்டு அஞ்சி நன்னாகனே வந்து, திற என்று காலில் விழுந்தாலும் திறவற்க.