தொண்ணூற்றாறாவது குழியில் தண்ணீர்

மார்ச் 4
சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். தொண்ணூற்றைந்தில் மூட்டுவலிக்காரர்களின் முட்டியிலிருந்து எடுத்த நீர். கடைசிக் குழியில் இன்று நான் வெறும் தண்ணீரை விட்டேன். எங்கள் ஆய்வகத்தில் மூன்று வருடமாக யாரும் செய்யாத காரியம். "நோயாளி இடத்தை யாராவது தண்ணிக்குத் தருவாங்களா?" என்று துறைத்தலைவர் கேலி செய்வார். செய்யட்டும்.

மார்ச் 9
டி.என்.ஏ. முடிவு வந்துவிட்டது. முட்டிகளில் நாங்கள் 'கண்டுபிடித்த' அதே நான்கு கிருமிகள் தண்ணீரிலும்! தண்ணீருக்கு ஏது முட்டி? டி.என்.ஏ.வைப் பிரிக்க வாங்கும் கரைசலிலேயே அவற்றின் மிச்சம் இருக்கிறது. மூன்று வருடமாகப் புட்டியைப் படித்துவிட்டு மனிதரைப் படித்ததாகச் சொல்லியிருக்கிறோம். நானும்தான்.

மார்ச் 10
தலைவரிடம் காட்டினேன். "உங்க கை சுத்தமா இருந்திருக்காதும்மா." பதினோரு வருடக் கை. பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் நோயாளிகளுக்கு ஆறு மாத ஆன்டிபயாடிக் தொடங்கப்போகிறார்கள். இல்லாத கிருமிக்கு மருந்து. பட்டியலில் அக்காவும் இருக்கிறாள். சேர்த்துவிட்டதே நான்தானே?

மார்ச் 11
மருந்து வேண்டாம் என்றேன். அக்கா கேட்கவே இல்லை. "எட்டு வருஷ வலிடி. இப்பதான் ஒரு வழி கிடைச்சிருக்கு. உன் பிடிவாதத்துல அதையும் கெடுக்காதே."

மார்ச் 15
பத்தாம் தேதியே மறுபடி போட்டிருந்தேன்: அதே கம்பெனியின் புதுப் புட்டிக் கரைசல், புதுக் கையுறை, மூன்று குழியில் தண்ணீர். மூன்றிலும் அதே நான்கு.

மார்ச் 16
ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பெயர் போடாமல் அனுப்பு என்றார் கூட வேலை பார்ப்பவர். ஏன்? திருடினேனா? முழுப் பெயரும் போட்டேன்.

மார்ச் 18
இனி வர வேண்டாம் என்று அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 2
குழு வேறொரு ஆய்வகத்தில் சோதித்திருக்கிறது. நான் சொன்னதேதான். மருந்துத் திட்டம் நின்றுபோனது. என்னை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை.

அக்காவின் ஃபோன். "இப்ப சந்தோஷமா?" வைத்துவிட்டாள். சந்தோஷமா? இல்லவே இல்லை. ஆனால் நாளைக்கே மறுபடி நடந்தாலும் இதைத்தான் செய்வேன். எவர் கேட்டாலும் சொல்வேன்.

ஏப்ரல் 6
காலையில் கதவு தட்டும் சத்தம். அக்கா, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியையும் அந்த முட்டியோடு ஏறியிருக்கிறாள்.

"கோவம் போகலடி. வேலையும் போய், தனியா உக்காந்திருப்பியேன்னு வந்தேன். நகரு, உக்காரணும்."

அழுதுவிட்டேன். முட்டியைப் பிடித்துவிட உட்கார்ந்தேன். அவள் காலை என் பக்கம் நீட்டினாள்.