தொட்டி வாயில் நின்றவள்

மட்டாஞ்சேரி,
ஆகஸ்ட் 2006

சிரஞ்சீவி அனிலுக்கு,

அம்மாவின் அநேக ஆசிகள். அப்பாவும் ஸுப்ரியாவும் நானும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஊரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே மழை இன்னும் விடவில்லை, பஜார் ரோட்டில் தண்ணீர் தேங்கி அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மிளகுக் கம்பெனிக்குப் போய் வருகிறார். பிரஷர் மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய், போன் கூடத்தில் இருக்கிறது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதோடு அன்றைக்கு நீ கோபத்தில் பேசிய வேகத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. நடந்ததில் பாதிதான் உன் காதுக்கு வந்திருக்கிறது. முழுவதையும் பொறுமையாகப் படி.

உன் தங்கை களமசேரியில் ஒரு கெமிக்கல் பாக்டரியில் டிரெயினிங் போய்க்கொண்டிருந்தாள், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை என்று ஆர்டரும் கொடுத்திருந்தார்கள், அது உனக்குத் தெரியும். விபத்து நடந்த அன்றைக்கு மத்தியானம் ஒரு தொட்டியைக் கழுவ பினு என்ற காண்டிராக்ட் பையனை சூப்பர்வைசர் இறங்கச் சொன்னாராம். ஸுப்ரியா பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கிற கேஸ் டெஸ்ட் பண்ணியாச்சா என்று கேட்டிருக்கிறாள், அவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் புஸ்தகத்தில் குழந்தே என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். இறங்கிய பினு ஏணியிலிருந்தே விழுந்துவிட்டான். அவன் அண்ணன் சுஜித்தும் அங்கேதான் வேலை செய்கிறான், தம்பி பேரைக் கத்திக்கொண்டு அவன் உள்ளே இறங்க ஓடிவந்தபோது ஸுப்ரியா தொட்டி வாயை மறைத்து நின்றுகொண்டாள். அவன் அடித்திருக்கிறான், கையை முறுக்கியிருக்கிறான், இவள் ஏணிக் கம்பியை விடவில்லை. மாஸ்க் கொண்டு வாங்கோ என்று கத்தியிருக்கிறாள். மாஸ்க் இருக்கிற அறை பூட்டியிருக்கிறது, சாவி சூப்பர்வைசரிடம், அவரைக் காணோம். கடைசியில் அடுத்த பிளாண்டிலிருந்து இரண்டு பேர் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து பினுவைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது, நினைவு இல்லை. அதுவரை சுஜித் அவள் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தானாம். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவளைப் பார்த்து, "என் தம்பி உள்ள கெடந்தப்போ வழிய அடச்சிட்டு நின்னியே, நீ ஒரு பெண்ணா?" என்று கேட்டிருக்கிறான்.

வீங்கின கையோடு அவள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அவள் செய்தது புரியவில்லை, நானாக இருந்தால் வழிவிட்டிருப்பேன் என்றுதான் மனதில் ஓடியது. அப்புறம் அவளே சொன்னாள். போன வருஷம் நீ லீவில் வந்தபோது, நீ எழுதிய பாதுகாப்புப் பாடம் என்று அவள் காலேஜில் பிள்ளைகளுக்கெல்லாம் தலையில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டி, இல்லாத பாக்டரிக்குள் நடக்க வைத்தாயே, வர்ச்சுவல் ரியாலிட்டி என்று சொன்னாய், அதில் ஒருத்தன் தொட்டிக்குள் விழுந்து கிடப்பானாம், இவள் ஒரு நொடி யோசிக்காமல் அவனைத் தூக்க இறங்கியிருக்கிறாள், கண்ணாடி முழுக்க இருட்டிவிட்டதாம். நீயும் செத்துவிட்டாய் என்று எழுத்து வந்ததாம். கழற்றி வைத்துவிட்டு அன்றைக்குப் பாத்ரூமில் வாந்தியெடுத்ததை உன்னிடம் கூட அவள் சொல்லவில்லை. அந்த இருட்டு நினைவுக்கு வந்ததால்தான் சுஜித்தை விடவில்லை என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எதிரிக்கும் வர வேண்டாம். பாக்டரியில் எல்லோரும் இவள் மறித்ததால்தான் பினு இப்படிக் கிடக்கிறான் என்று பேசினார்கள். போன் அடிக்கும், எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். விசாரணை என்று வந்ததும் மேனேஜர் ராமபத்ரன் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக நம் வீட்டுக்கே வந்தார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். பினு யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கினான் என்று சொன்னால் போதும், பயத்தில் குழந்தைக்கு எது முன்னால் எது பின்னால் என்று நிச்சயமாகத் தெரிந்திருக்காது, அவளுடைய வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் போனதும் அப்பா உனக்கு போன் போட்டார். ஸுப்ரியாவிடம் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, ஒரு வருஷம் அங்கே வேலை பார், அப்புறம் நான் இங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாய். அப்பாவும் அதையே சொன்னார்.

அவள் போனை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். அழவில்லை. "அம்மா, அண்ணாவோட பாடத்துல ரெண்டாம் பாகம் இதேதான்" என்றாள். அங்கேயும் ஒரு மேனேஜர் வந்து நல்லபடியாகப் பேசுவாராம், வாயை மூடிக்கொண்டவர்களுக்குச் சம்பளம் கூடுமாம், கொஞ்ச காலம் கழித்து அதே தொட்டிக்குள் வேறு ஒருத்தனை இறங்கச் சொல்வார்களாம். நீயே எழுதி வைத்தது என்றாள். சமைத்ததை யாரும் தொடவில்லை.

விசாரணைக்கு அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், நான்தான் போனேன். படகுத்துறையிலிருந்து போட்டில் எறணாகுளம், அங்கிருந்து பஸ். வழி முழுக்க அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வராந்தாவில் ஒரு பக்கம் ராமபத்ரன், எதிர்ப்பக்கம் சுஜித். அவன் எங்களைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டார்கள், கதவு சாத்தவில்லை. ஆபீஸர், நீ நின்ற இடத்திலிருந்து நிச்சயமாகக் கேட்டிருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "கேட்டது. அவர்தான் இறங்கச் சொன்னார். டெஸ்ட் பண்ணியாச்சான்னு நான் கேட்டேன், அவர் சிரிச்சார். அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கலை, அந்தப் பையன் இறங்கறதைப் பார்த்துண்டு நின்னேன். அதையும் எழுதிக்கோங்கோ."

சுஜித் அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

ஸுப்ரியாவின் வேலை போய்விட்டது. இப்போதைக்கு இடமில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், தொட்டி வேலையையும் நிறுத்தியிருக்கிறார்கள். பினு வியாழக்கிழமை கண் திறந்து அண்ணன் பேரைச் சொன்னான், பேச்சு இன்னும் குழறுகிறது, இடது கை சரியாகத் தூக்க வரவில்லை, எவ்வளவு தேறும் என்று டாக்டர் சொல்லவில்லை. இதைச் சொல்ல சுஜித்தே வந்தான். உட்காரச் சொன்னேன், சாயா வேண்டாம் என்று வாசல்படியிலேயே நின்றான். தானும் உள்ளே விழுந்திருந்தால் தன்னைத் தூக்குகிற நேரத்தில் தம்பி போயிருப்பான் என்று மாஸ்க் போட்டு வந்தவர்கள் சொன்னார்களாம். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. ஸுப்ரியாவும் எதிர்பார்க்கவில்லை, பினு என்ன சாப்பிடுகிறான் என்று மட்டும் கேட்டாள். கஞ்சி என்றான்.

நீ சொன்னதை நான் குற்றமாக நினைக்கவில்லை கண்ணா, தங்கை என்று பயந்தாய், அப்பாவும் அப்படித்தான் பயந்தார். ஆனால் அவள் உன்னுடைய போனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், மணி அடித்தால் முதலில் ஓடுகிறவள் அவள்தான், நீயில்லை என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிடுகிறது. தானாகக் கூப்பிடமாட்டாள், உன்னைப் போலவே பிடிவாதம். நீ கூப்பிடு. வேலையைப் பற்றி, அங்கே வருவதைப் பற்றி எதுவும் எடுக்காதே. கை வலி எப்படி இருக்கிறது என்று கேள், அது போதும், மற்றதை அவள் சொல்லுவாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே வந்து தூக்குப் பாத்திரம் எங்கே என்று கேட்டார். கஞ்சியை ஊற்றிக்கொண்டு, ஸுப்ரியாவை வா என்று கூப்பிட்டு, குடையும் எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டார். நான் போகச் சொல்லவில்லை, அவராகத்தான் போனார்.

பகவதி உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், ஆயுசும் நல்ல புத்தியும் குறையாமல் இரு. இரவில் தயிர் சாப்பிடாதே. ஞாயிற்றுக்கிழமை போனை மறக்காதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கமலாக்ஷி வாஞ்சிநாதன்