பத்திக்குள் நிற்காத பெட்டி

மலாங்,
மார்ச் 9

அன்புள்ள வெனிங்குக்கு,

ரெட்னோ எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. என் போன் எண்ணை நீ தடுத்துவைத்து மூன்று மாதமாகிறது, அதனால்தான் தபால். இங்கே எல்லோரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. மக்காசாரில் உன் அக்கா சமையலில் நீ ஒரு சுற்றுப் பெருத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இரத்ததானக் குழுவின் இணையதளத் திறப்பு விழாவை நீ மறந்திருக்க மாட்டாய். பக்கம் நான் எழுதியது, அதை அழுத்தினால் வேலை செய்ய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நீ எழுதியது. தலைவி லாஸ்ட்ரி அம்மா நாற்பது பேர் முன்னால் ‘இரத்தம் தர வருகிறேன்’ பெட்டியை அழுத்தினார்; ஒன்றும் அசையவில்லை. “இதைக்கூடச் சரிபாக்காம என்னத்தடி எழுதிக் கிழிச்ச?” என்று சபையிலேயே கத்தினேன். “என் நிரல் சரியாத்தான் தேடுது. உன் பெட்டி எங்க நிக்குதுன்னு முதல்ல பாருடி” என்றாய். நான் பார்க்கவில்லை. நீ போய்விட்டாய்.

போன வாரம் வேறொரு பக்கத்துக்கு இரண்டையும் நானே எழுதினேன். அதே கதை! இந்த முறை திட்ட ஆளில்லை. வேறு வழியின்றி, பிரவுசர் அந்தப் பக்கத்தை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். பத்தியைக் குறிக்கும் குறிக்குள், பக்கத்தில் தனிப் பகுதி பிரிக்கும் div என்ற பெட்டியை வைத்திருந்தேன். பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில் பத்திக்குள் அது இருக்கக் கூடாதாம். பிரவுசர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல், பெட்டிக்கு முன்னாலேயே பத்தியை மூடி, பெட்டியை வெளியே நிறுத்திவிட்டது. நான் கடைசியில் போட்ட மூடும் குறிக்காகக் காலியாக இன்னொரு பத்தி வேறு!

உடனே நம் பழைய பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் அதே தவறு. ‘கொடையாளர்’ என்று பெயரிட்ட பத்திக்குள் பெட்டியைத் தேடு என்று நீ எழுதியிருந்தாய். உள்ளே பெட்டியே இல்லாதபோது அது எதைக் கண்டுபிடிக்கும்? பத்திக்குறியை எடுத்துவிட்டு, பெட்டியைச் சுற்றி அதே பெயரில் இன்னொரு div போட்டேன். உன் நிரலில் ஓர் எழுத்தைத் தொடவில்லை. அழுத்தியதும் வேலை செய்தது.

ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்றேன். லாஸ்ட்ரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்போ அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரியா? நீ என்னம்மா அன்னிக்கு அந்தக் கத்து கத்தின!” கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மட்டும் இருபத்தாறு பேர் பெயர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

ஒரு பள்ளிக்கூடம் பெரிய வேலை ஒன்று தந்திருக்கிறது. இரண்டு பேர் செய்வோம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். வேலை பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நாள் நேரில் வந்து, ஆசைதீர என்னைத் திட்டிவிட்டாவது போ.

உன் வரவை எதிர்பார்த்து,
ரெட்னோ