மொட்டைமாடிப் பூட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். பிரஷர் சரியாக இருக்கிறது, சுகர் சரியாக இருக்கிறது, கோபம் மட்டும்தான் தலைக்கேறிக் கிடக்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்த மாற்றமும் இல்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் சத்தம் போட ஆரம்பித்தாலே டென்ஷன் ஆகாதேம்மா என்பாய், அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படி.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நான் மொட்டைமாடியில் குப்புறப் படுத்திருந்தேன். படுத்திருந்தேன், விழுந்து கிடக்கவில்லை. தக்காளி விதை முளைத்து வரும்போது சிலதுக்கு விதை ஓடு தொப்பி மாதிரி தலையிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். இந்த வெயிலில் அது காய்ந்து இறுகிவிட்டால் உள்ளே இருக்கிற இலை விரிய முடியாமல் நாற்று அப்படியே செத்துப்போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறவிட்டு, முள் எடுக்கிற இடுக்கியால் மெதுவாகக் கழற்ற வேண்டும். நாற்றுத் தட்டைத் தூக்கி மேஜையில் வைக்கலாமே என்பாய், தூக்கினால் மண் அசைந்து நூல் மாதிரி இருக்கிற வேர் அறுந்துவிடும், அதனால் நான்தான் தரைக்கு இறங்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது, அதுதான் அவ்வளவு சீக்கிரம். ஒவ்வொன்றையும் மூச்சை அடக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் செய்தேன். நீ கடல் தாண்டி, அந்த ஊர் நேரத்துக்கு ஆபீசில் உட்கார்ந்து, போன லீவில் பாதுகாப்புக்கு என்று மாட்டிவிட்டுப் போன கேமராவில் இதைப் பார்த்து, அம்மா மயங்கி விழுந்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டாய்.

கால் மணி நேரத்தில் எதிர்வீட்டு ஆடிட்டர் பனியனோடு மாடிக்கதவை உதைத்துத் திறந்துகொண்டு வருகிறார், பின்னாலேயே உன் அக்கா, மாப்பிள்ளை, அவர்களுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு ரெண்டு பேர். நான் எழுந்து என்ன விஷயம் என்று கேட்பதற்குள் அத்தனை பேர் காலும் நாற்றுத் தட்டில். ஆம்புலன்ஸ் டிரைவர் வேறு, சிஸ்டர் நீங்களா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் என் வார்டுக்கு எத்தனையோ பேரைக் கொண்டுவந்து இறக்கிய மனுஷன். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் நாடி பிடித்த நான், நைட்டியும் மண்கையுமாக அவர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மானம் போனது.

அதோடாவது விட்டாயா? இனிமேல் அம்மாவை மாடிக்கு விடாதீங்க என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் பூட்டுப் போட வைத்து, சாவியை ஆடிட்டர் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறாய். நான் கட்டிய வீட்டு மாடிக்கு நான் எதிர்வீட்டில் போய்ச் சாவி கேட்டேன். எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் சிஸ்டர் என்கிறார். யாருடா தம்பி? யார் வீடு இது?

என்ன போயிற்று தெரியுமா உனக்கு? வெயில் ஏறினால் தக்காளி பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காது, பூ அத்தனையும் கொட்டிவிடும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பன்னிரண்டு செடியில் ஒன்றே ஒன்றுதான் அந்தச் சூட்டிலும் காய் விட்டது. அதன் விதையைப் போட்டுப் போன வருஷம் வளர்த்தேன், அணில் தின்றது போக ஒரு பழம் தேறியது, அதன் விதையைக் காயவைத்தால் பாதியை எறும்பு இழுத்துப் போனது. மிச்சத்தில் முளைத்தது இருபத்தெட்டு. மிதிபட்டது போகப் பதினொன்று நின்றது, அதையும் நாலு நாள் தண்ணீர் இல்லாமல், நிழல் வலை இல்லாமல் உன் பூட்டு கருக்கிவிட்டது. சனிக்கிழமை நானே பூட்டுக்காரரைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி நிழல் விழுகிற ஓரத்தில் ரெண்டு மட்டும் துவண்டு கிடந்தது. பிழைக்குமா தெரியவில்லை. பிழைக்காவிட்டால் மூன்று வருஷமும் பாழ். இப்போது புதுப் பூட்டு, சாவி என்னிடம். கேமராவைக் கழற்றிவிட்டேன், உன் அலமாரியில் இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொண்டு போ.

இவ்வளவையும் மன்னித்துவிடுவேன், நீ என் பிள்ளை. ஒன்றுதான் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அக்காவுக்குப் போன் பண்ணினாய், மாப்பிள்ளைக்குப் பண்ணினாய், ஆடிட்டருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு, ஆம்புலன்ஸுக்கு. என் போன் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எல்லோரும் போன பிறகு எடுத்துத் தேடித் தேடிப் பார்த்தேன், உன் அழைப்பு ஒன்றுகூட இல்லை. கேட்டால் பயந்துட்டேம்மா என்கிறாய். பயந்தால் பிள்ளை அம்மாவைத்தானேடா கூப்பிடும்?

மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். நீயும் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. இதை மட்டும் மறக்காதே, இனி என்ன பயம் வந்தாலும் முதலில் என் நம்பருக்குப் போடு. நான் எடுக்கத் தாமதமானால் கையில் மண்ணாக இருக்கும். கழுவிவிட்டு வருகிற வரை விடாமல் கூப்பிடு.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா