ஏப்ரலில் நாலு பிர்ச் கட்டை

அன்பு மகள் ஈடுனுக்கு,

இங்கே நம் ஊர் ரெண்டாலனில் நான் சுகம், பூனை சுகம், கூரைப் பனி சறுக்கி என் தலைக்குப் பக்கத்தில் விழுந்ததும் சுகமாகவே விழுந்தது. அங்கே நியூசிலாந்தில் நீயும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரிப்பு வந்து பேச்சு நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். புது வீட்டு அடுப்பு புகைகிறது, கண்ணாடிக் கதவு கறுத்துப்போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். உங்களுக்கு இலை உதிரும் காலம், எங்களுக்குப் பனி உருகும் காலம், இரண்டு பேருக்கும் ஒரே தொல்லைதான். கடுங்குளிரில் புகை தானாக மேலே ஏறிவிடும். வெளியே கொஞ்சம் இதமாக இருந்தால் புகைப்போக்கிக்குச் சோம்பல் வந்துவிடும், புகையை உன் முகத்திலேயே திருப்பி விடும். முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி அடுப்புக்குள் மேல்பக்கமாகக் காட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, அது விழித்துக்கொள்ளும். பெரிய கட்டை வேண்டாம், ஒல்லிக் கட்டையும் சுள்ளியும் போதும். காற்றுத் திறப்பை முழுசாகத் திறந்து பளிச்சென்று எரியவிடு, எரிந்து தானாக அணையட்டும். சூடு அதிகம் என்று காற்றை மூடி நெருப்புக்கு மூச்சுமுட்ட வைக்காதே, கண்ணாடி கறுப்பது அதனால்தான். குழாயிலும் கரி படியும், ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். இவ்வளவும் தெரிந்த உன் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாள் தெரியுமா? சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள், எழுதும்போது நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆர்விட்டை உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், நீ தவறவிட்ட நாளெல்லாம் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்து, வாசலில் காத்திருந்து உன்னை ஏற்றிக்கொண்டு போவாரே, அவர்தான். பாவம், அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். குளிர்காலம் முழுக்கப் பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நின்று சுருதி தப்பப் பாடினார். அவரைக் காப்பிக்குக் கூப்பிட்டிருந்தேன். வெளியே நல்ல வெயில், ஓடையெல்லாம் சலசலவென்று ஓடுகிறது, ஆனாலும் விருந்தாளி வரும்போது அடுப்பு அணைந்து கிடந்தால் நம் பக்கத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். பற்றவைத்தேன், பதற்றத்தில் புகைப்போக்கியை எழுப்ப மறந்துவிட்டேன். புகை முழுக்க வீட்டுக்குள்ளே, மேலே புகை மணி அலறுகிறது, பக்கத்து வீட்டு குன்வோர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, “என்னடி ஓஸ்லாக், வாஃபிள் சுடுறியா, இல்ல நீயே வேகுறியா?” என்று கேட்கிறாள். அவளுக்குப் பின்னால், கையில் நீலப் பூக்களோடு ஆர்விட் நிற்கிறார்.

எப்படியோ நெருப்பைப் பிடிக்க வைத்தேன். அதோடு விட்டேனா? பட்ட அவமானத்தை மறைக்க, ஜனவரியில் வைப்பதுபோல் நன்றாகக் காய்ந்த பிர்ச் மரக் கட்டை நாலை உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் தட்டிலேயே உருகி ஓடியது. காற்றை மூடலாம் என்றால் கூரைக்கு மேல் மஞ்சள் புகை கிளம்பும், நெருப்பைத் திணறடிக்கிறேன் என்று குன்வோர் ஊருக்கே சொல்லிவிடுவாள். எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டேன். ஆர்விட் மட்டும் கழுத்துவரை மூடிய கம்பளிச் சட்டைக்குள் தக்காளியாகச் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். கழற்றுங்களேன் என்றால் மாட்டேன் என்கிறார். கடைசியில், “ஓஸ்லாக், உண்மையச் சொல்லிடறேன். உள்ள போட்டிருக்கிற பனியன்ல கை நுழையுற அளவுக்கு ஓட்டை. யாரு பாக்கப்போறாங்கன்னு மாட்டிட்டு வந்துட்டேன்” என்றார். நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். உன் அப்பா போனபிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை, ஈடுன். கம்பளியைக் கழற்றினார், ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையோடேயே உட்கார்ந்துகொண்டு, “ரெண்டு வீட்ல ரெண்டு அடுப்பு எரிக்கிறோம். ஒண்ணு போதாதா நமக்கு?” என்று கேட்டும்விட்டார்.

மனசு துள்ளியது, கண் மட்டும் அடுப்பின் பக்கம் போனது. உன் அப்பா பனியில் இழுத்துக்கொண்டு வந்து வைத்த அடுப்பு அது. அடுத்தவர் வீட்டு அடுப்பில் கட்டை போடுவது அவர்கள் பீரோவைத் திறப்பதுபோலத்தானே நமக்கு. அவ்வளவு வெந்தும் ஆர்விட் அதன் கதவைத் தொடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காப்பியில் உப்பைப் போட்டேன், பூனையை ஆர்விட் என்று கூப்பிட்டேன், அதுவும் திரும்பிப் பார்த்தது.

இன்று காலை மறுபடி வந்தார், புதுப் பனியனில். அதைக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வீடு சில்லென்று இருந்தது. நான் தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன். “நிஜமாவா?” என்று கேட்டார். குளிருது, சீக்கிரம் என்றேன். உடனே என்ன செய்தார் தெரியுமா? ஒல்லிக் கட்டைகளைக் கீழே அடுக்கி, சுள்ளியை மேலே வைத்து, உச்சியிலிருந்து பற்றவைக்கிறார்! நம் வீட்டில் என்றைக்கும் கீழிருந்துதானே. உன் அப்பா பார்த்திருந்தால், “இந்த ஆளு வீட்டையும் கூரையிலேருந்துதான் கட்டுவான்போல” என்றிருப்பார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். புகையே வரவில்லை, கண்ணாடியும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே. நீயும் அப்படியே பற்றவைத்துப் பார்.

ஆனால் அது அப்பாவின் அடுப்பு. உன்னைக் கேட்காமல் வாயால் சரி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவரிடமும் சொல்லிவிட்டேன். “கேளுங்க, காத்திருக்கேன். உங்க மகளுக்காகக் காத்திருந்து எனக்குப் பழக்கம்தான்” என்கிறார். மனதில் உறுத்தினால் மறைக்காமல் எழுது. நான் அழமாட்டேன், அழுதாலும் கொஞ்சம்தான்.

உனக்கும் பேரனுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், உங்கள் வீடு எப்போதும் கதகதப்பாக இருக்கட்டும். சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதே, தகர வாளிதான். கிளம்பும்போது தீப்பெட்டியை அவர் மறந்துபோய்ச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார். திருப்பி வாங்கிக்கொள்ளட்டுமா, அவரிடமே இருக்கட்டுமா, அதை மட்டும் ஒரு வரி எழுது.

உன் அசட்டு அம்மா,
ஓஸ்லாக்